உடைந்த நாற்காலிக்கு யார் காசு தருவார்கள்?

நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருந்தது. இருபது படங்களில் பதினேழு ஏறிவிட்டன. பதினெட்டாவதில் இணையதளம் முரண்டு பிடித்தது. கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாதாம். விதிமுறையின் ஆறாம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் ஐந்தாம் பக்கம் வரைதான் படித்திருந்தேன். பெயரை மாற்றி, மறுபடி ஏற்றி, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியபோது மணி பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிடம். பக்கம் மூடிவிட்டது.

புகைப்படம் படிப்பதற்குப் பண உதவி கேட்டு நான் போட்ட முதல் விண்ணப்பம் அது. போட்ட என்று சொல்வதுகூடத் தப்பு, போடவே இல்லையே. அன்றிரவு அழுதேன். இப்போது நினைத்தால், மூன்று நிமிடம் முன்னால் அழுத்தியிருந்தாலும் அது தேறியிருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பகலில் எனக்கு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் இரண்டு இரவுகள், கட்டட வாசல்களில் இரவுக் காவலர்கள் உட்காரும் நாற்காலிகளைப் படம் எடுப்பேன். காவலர்களை அல்ல, நாற்காலிகளை. ஒரு காலுக்குப் பதில் செங்கல் வைத்தது, முதுகுப் பட்டை அறுந்து கம்பியால் கட்டியது, அலுவலகத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சுழல் நாற்காலியில் சக்கரம் மட்டும் இல்லாதது. நான்கு வருடம் நானே கற்றுக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். சேர்த்து வைத்தால் பழைய சாமான் கடையின் பட்டியல்போல இருக்கும். என்ன குறை என்று புரியவில்லை. ஆவணப் புகைப்படத்தில் ஓராண்டுப் படிப்பு ஒன்று கண்ணில் பட்டது. கட்டணத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். அப்புறம் மறுநாள் மறுபடி திறந்தேன்.

மூன்று வருடத்தில் மொத்தம் பதினொரு விண்ணப்பம். எட்டு மறுப்பு. ஒன்று மேலே சொன்ன மூன்று நிமிடக் கதை. இரண்டு கிடைத்தன. அந்த இரண்டை வைத்துப் படித்து முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்டு நிறையப் பேர் எழுதுவதால் இந்தப் பதிவு.

முதல் வருடம் முழுக்க நான் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். தேடுபொறியில் புகைப்பட மானியம் என்று போட்டால் வந்து விழுபவை பெரும்பாலும் ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான பணம். கற்றுக்கொள்வதற்கான பணம் அல்ல. அமெரிக்காவில் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் தரும், 1925-இல் தொடங்கிய குகன்ஹைம் ஃெல்லோஷிப் என்ற நிதியைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வாரம் கனவில் மிதந்தேன். ஏற்கெனவே குறிப்பிடத்தக்க வேலை செய்து காட்டியவர்களுக்கானது அது, மாணவர்களுக்குக் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் பெயரிலான மானியமும், மனிதர்களைப் பற்றிய ஒரு படத்தொடரை எடுத்து முடிக்கத் தருவது. புகைப்படக்காரர் இங்கெ மோராத் பெயரிலான விருது முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு என்றிருந்தது; நான் அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு முப்பத்திரண்டு. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற அமைப்பு 1994-இல் தொடங்கிய ஜூப் ஸ்வார்ட் மாஸ்டர்கிளாஸ் என்ற பயிற்சிக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது, யாராவது நம் பெயரை முன்மொழிய வேண்டும் என்றிருந்தது. என்னை முன்மொழிய யார் இருக்கிறார்கள், காவலர்களைத் தவிர?

அந்த நள்ளிரவு விண்ணப்பமும் இப்படித்தான். அது படத்தொடருக்கான பணம். அதில் போய்ப் படிப்புக் கட்டணம் கேட்டிருந்தேன். நடுவர்கள் முதல் பத்தியிலேயே ஒதுக்கியிருப்பார்கள்.

இன்னொன்றும் மெல்லத்தான் உறைத்தது. உதவி என்றால் காசோலை என்றே நினைத்திருந்தேன். பல சமயம் அது பணமாக வருவதே இல்லை. அமெரிக்காவில் நடக்கும் எடி ஆடம்ஸ் புகைப்படப் பயிற்சிப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் ஆரம்பித்தார்கள், ஒரு தடவைக்கு 100 பேர், பயிற்சிக் கட்டணம் இல்லை, போய்ச் சேரும் செலவு நம்முடையது. யாரும் நம் கையில் எதுவும் தருவதில்லை, ஆனால் அதுவும் உதவித்தொகைதான். கல்விக்கூடங்கள் தரும் கட்டணச் சலுகையும் அந்த ரகம். எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று, நான் சேர விரும்பிய பள்ளியே தந்த 40 சதவீதக் கட்டணக் குறைப்பு. அவர்களுடைய இணையதளத்தில் சேர்க்கைப் பக்கத்தின் கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது. ஊரெல்லாம் தேடிவிட்டு அங்கே வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: சேரப்போகும் இடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இணையதளத்தில் இல்லாத உதவிகளும் அங்கே இருக்கலாம்.

எனக்குக் கிடைத்த இரண்டாவது உதவி, புகைப்படம் என்ற சொல்லே இல்லாத ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்புக்குத் திரும்புகிறவர்களுக்கான சிறிய நிதி. அந்த வருடம் அவர்களிடம் கேட்டவர்களில் கேமரா தூக்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். பெயர்பெற்ற புகைப்பட நிதிகளுக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வரிசை குட்டை. கலை மன்றங்கள், தொழிற்சங்கங்கள், வேலை பார்க்கும் நிறுவனத்தின் பயிற்சி நிதி எல்லாவற்றையும் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

தேடுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. என்னைவிட ஐந்தாறு வருடம் முன்னே நடந்துகொண்டிருக்கும் புகைப்படக்காரர்களின் இணையதளங்களைத் திறந்து, அவர்களைப் பற்றிய பக்கத்தின் அடியில் பார்ப்பேன். எங்கே படித்தார்கள், எந்த வருடம் யார் உதவினார்கள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மேதைகளின் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, அவர்கள் ஏணியின் உச்சியில் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அடுத்த படி. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முப்பது பேரின் பக்கங்களைப் பார்த்து, நான் கேள்வியே படாத பதினான்கு பெயர்களை எழுதிவைத்தேன்.

கணக்குப் பிரிவுப் புத்தி, உடனே ஓர் எக்செல் தாள் போட்டேன். கடைசித் தேதி, அது எந்த நேர மண்டலத்தின் நள்ளிரவு, யார் தகுதி, எதற்குத் தருகிறார்கள், பணம் என் கணக்குக்கு வருமா பள்ளிக்குப் போகுமா, விண்ணப்பக் கட்டணம் உண்டா, படங்களின் உரிமை என்னாகும். கடைசி இரண்டு கட்டங்களும் அடி வாங்கியபின் சேர்த்தவை. உதவித்தொகை என்று பெயர் வைத்து, உள்ளே போனால் ஒவ்வொரு படத்துக்கும் கட்டணம் கேட்கும் போட்டிகள் இருக்கின்றன. கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன், நல்ல இடங்களும் சிறு தொகை வாங்குவதுண்டு. ஆனால் போன வருடம் யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர் போடாமல் கட்டணம் மட்டும் கேட்டால் நான் நகர்ந்துவிடுவேன். இன்னோரிடத்தில், தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அனுப்பிய படங்களை எங்கேயும் எப்போதும் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எல்லாம் நிரப்பி முடித்திருந்தேன். அனுப்பவில்லை. நாற்காலிகள் என்னுடையவை அல்ல, இருந்தாலும்.

இனி, எழுதுவது. இங்கேதான் எனக்கு இரண்டு வருடம் போனது.

என் முதல் விண்ணப்பக் கடிதம் இப்படி ஆரம்பித்தது: சிறு வயதிலிருந்தே ஒளியும் நிழலும் என்னை ஈர்த்தன. தட்டச்சு செய்யவே கூச்சமாக இருக்கிறது. இது போன்ற தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவமுள்ள ஒரு மூத்த புகைப்படக்காரர் இருக்கிறார். சார் என்று மட்டும்தான் கூப்பிடுவேன். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். “இதுல உன் பேரை எடுத்துட்டு வேற யார் பேரைப் போட்டாலும் பொருந்துதேம்மா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று கோபம் வந்தது. பிறகு எட்வர்ட் வெஸ்டனின் கதையைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1937-இல் குகன்ஹைம் ஃபெல்லோஷிப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர். தொகை 2,000 டாலர். 35 படங்களோடு அவர் முதலில் அனுப்பிய திட்டம் இரண்டே வாக்கியம். இவ்வளவு சுருக்கமாக எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று இன்னொரு புகைப்படக்காரரான டோரதியா லாங்கும் அவருடைய கணவர் பால் டெய்லரும் எச்சரித்தார்கள். பிறகு நான்கு பக்கக் கடிதமும் வேலைத் திட்டமும் போயின. அவற்றை எழுதியவர் வெஸ்டன் அல்ல, அவருடைய துணை சாரிஸ் வில்சன். வெஸ்டன் அளவுக்குப் படம் எடுக்கிறவருக்கே கடிதம் எழுத வேறொருவர் தேவைப்பட்டிருக்கிறார். எனக்குச் சாரிஸ் வில்சன் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு காவலர் கிடைத்தார்.

வங்கிக் கட்டடம் ஒன்றின் வாசல். அவருடைய நாற்காலியின் இடது கை இல்லை, அந்த இடத்தில் சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தார். கேமரா வைக்கும் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், “ஏம்மா, இதைத்தான் நாலு வருசமா எடுக்கற. இன்னும் என்ன படிக்கணும்ங்கற?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அதுவரை நிரப்பிய விண்ணப்பப் படிவங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தன, இவ்வளவு நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து எழுதிய பத்தி இது. பிறகு எழுதிய எல்லா விண்ணப்பத்திலும் முதல் பத்தியாக இதைத்தான் வைத்தேன்:

“இரவுக் காவலர்களின் நாற்காலிகளை நான்கு ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். 212 படங்கள் இருக்கின்றன. ஒரு படத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று எனக்குத் தெரியாது. ஆளே இல்லாத படத்தில் ஆள் இருப்பதை எப்படி உணர்த்துவது என்று தெரியாது. எடுத்ததை அச்சில் கொண்டுவரத் தெரியாது. இந்தப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் இந்த மூன்றையும் கற்பிக்கிறார்கள்.”

படத்தொடருக்குப் பணம் தருகிறவர்களிடம் தெரியாது என்று மூன்று தடவை சொன்னால் தூக்கிப் போடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது, இவரால் முடியும் என்ற நம்பிக்கை. படிப்புக்குத் தருகிறவர்களிடம் நிலைமை தலைகீழ். எல்லாம் தெரிந்தவளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? நான் திறமைசாலி என்று நிரூபித்துக்கொண்டே இருந்ததுதான் அதுவரை செய்த தப்பு. என்ன தெரியாது என்பதைப் பேர் சொல்லிச் சுட்டிக்காட்டியதும் பதில்களின் தொனி மாறியது. மறுத்தவர்கள்கூட இரண்டு வரி சேர்த்து எழுதினார்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் கோர்டன் பார்க்ஸ் இந்த இடத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவார். ஜூலியஸ் ரோஸன்வால்ட் நிதியின் ஃபெல்லோஷிப் பெற்ற முதல் புகைப்படக்காரர். மாதம் 200 டாலர். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு 1942-இல் வாஷிங்டனில், அரசின் புகைப்படப் பிரிவை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கரிடம் பயிற்சிக்குப் போகிறார். படம் எடுக்க நன்றாகத் தெரிந்த ஆள். ஸ்ட்ரைக்கர் செய்த முதல் காரியம், கேமராவை உள்ளே வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்து வா என்று அனுப்பியது. கறுப்பினத்தவர் என்பதால் போன கடை, உணவகம், திரையரங்கு எல்லா இடத்திலும் அவமானம். கொதித்துப்போய்த் திரும்பினவரிடம், இங்கே தரை துடைக்கும் அம்மாவிடம் போய்ப் பேசு என்றார். எலா வாட்ஸன் என்ற அந்த அம்மாவின் புகழ்பெற்ற படங்கள் அப்படித்தான் பிறந்தன. அந்த 200 டாலர் வாங்கிக் கொடுத்தது கேமராவை அல்ல, கேமராவை உள்ளே வை என்று சொல்ல ஓர் ஆளை. என் மூன்றாவது விண்ணப்பத்தில் நான் புது லென்ஸ் கேட்டிருந்தேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருவிகளுக்குத் தருவதில்லை என்று விதிமுறையில் இருந்தது. ஆறாம் பக்கமாகத்தான் இருக்கும்.

படங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். இருபது வரை கேட்டால் இருபது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, 12 முதல் 20 என்றிருந்தால் நான் 12 அனுப்புவேன். பலவீனமான ஒரு படம் பக்கத்தில் இருப்பதையும் கீழே இழுத்துவிடும். எனக்குப் பிடித்த சூரியோதயப் படத்தைக் கடைசியில்தான் எடுத்தேன், மனசே இல்லாமல். ஒரு தொழில்நுட்ப விஷயம் மட்டும்: அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ண வரம்பில் இருந்த கோப்புகளை அப்படியே ஏற்றினேன், தளம் வண்ணக் குறிப்பை உரித்துவிட்டு, எல்லா நாற்காலியும் வெளுத்த துணிபோலத் தெரிந்தன. இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ண வரம்புக்கு மாற்றி, அவர்கள் கேட்ட பிக்சல் அளவுக்குச் சுருக்கி, ஏற்றியபின் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் எனக்கு நேர்ந்தது தமாஷ். முதல் தடவை என் அலுவலக மேலாளரிடம் கேட்டேன். தங்கமான மனிதர். நேரம் தவறாதவர், கணக்கில் கெட்டிக்காரர், விடுப்பே எடுக்காதவர் என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்தால் எனக்குச் சம்பள உயர்வு தரலாம், புகைப்படம் சொல்லித்தர யாருக்கும் தோன்றாது. பிறகு சாரிடம் கேட்டேன், ஆறு வாரம் முன்பே. நிதி எதற்கானது, நான் என்ன எழுதியிருக்கிறேன், எதைப் பற்றி அவர் சொன்னால் உதவும் என்று ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். கொடுத்தால் கோபிப்பாரோ என்று பயந்தேன். “எல்லாரும் இப்படிக் குடுத்தா எனக்கு வேலை மிச்சம்” என்றார்.

இனி, என் மானம் போன இடம். பட்ஜெட்.

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களின் செலவுக் கணக்கைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் பட்ஜெட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: படிப்புக் கட்டணம். அச்சடிக்கும் செலவு இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை, வகுப்புக்குப் போய்வரும் செலவு இல்லை, வேலை நேரத்தைக் குறைத்தால் சம்பளத்தில் விழும் ஓட்டை இல்லை. குறைவாகக் கேட்டால் தருவார்கள் என்று நினைத்தேன். குறைவாகக் கேட்டால், இவள் நடுவில் நின்றுவிடுவாள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அடுத்த தடவை எல்லா வரியும் போட்டேன், ஆனால் எல்லா எண்ணும் மூன்று பூஜ்யத்தில் முடிந்தன. இன்னொருவர் இப்படிக் கொண்டுவந்திருந்தால் முதலில் நான்தான் திருப்பி அனுப்பியிருப்பேன்; உருண்டையான எண் என்றால் குத்துமதிப்பு என்று அர்த்தம். மூன்றாம் தடவை அச்சகத்தில் விலைப்புள்ளி வாங்கி இணைத்தேன், என் சேமிப்பிலிருந்து எவ்வளவு போடுகிறேன் என்று எழுதினேன், வேறு எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் போட்டேன்.

மறைக்காததால் ஒரு சிக்கல் வந்தது, நல்லவேளையாக முன்கூட்டியே வந்தது. பள்ளியின் சலுகை உறுதியாகி இரண்டு வாரத்தில் அறக்கட்டளையும் சரி என்றது. துள்ளிக் குதித்துவிட்டு விதியைப் படித்தால் (ஆமாம், இந்த முறை கடைசிப் பக்கம் வரை), வெளியிலிருந்து கட்டணத்துக்கு உதவி வந்தால் அந்த அளவுக்குப் பள்ளி தன் சலுகையைக் குறைத்துக்கொள்ளுமாம். அதாவது இரண்டு கை நிறைய வந்தும் ஒரு கை அளவுதான் தங்கும். அறக்கட்டளைக்கு எழுதினேன்: உங்கள் தொகையைக் கட்டணத்துக்கு என்று இல்லாமல், அச்சுச் செலவுக்கும் குறையும் சம்பளத்துக்கும் என்று குறிப்பிட்டுத் தர முடியுமா? இரண்டு நாளில் ஒரு வரிக் கடிதம் வந்தது. முடியும். கேட்காமல் விட்டிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

பணம் இரண்டு தவணையில் வந்தது, இரண்டாவது தவணை பாதி வருட அறிக்கைக்குப் பிறகு. அறிக்கையோடு பத்துப் படங்களும் ரசீதுகளும் கேட்டிருந்தார்கள். ரசீது ஒன்றுகூடத் தொலையவில்லை, அந்த விஷயத்தில் மேலாளர் எழுதியது சரிதான்.

அச்சில் வந்த முதல் படத்தை அந்த வங்கி வாசலுக்கு எடுத்துப் போனேன். அதே காவலர். நாற்காலியை மட்டும் மாற்றிவிட்டார்கள், புதிது, நீல நிறம், இரண்டு கையும் இருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்த ட்யூப் சுத்தினது நான்தான்” என்றார். அப்புறம், இதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். புது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். “இதையும் எடுத்து வச்சுக்க. இதுவும் ஒடையும்.”